வாய்க்காலில் வந்த சிவப்பு

தென்காசிக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்த பிறகுதான் எனக்கு ஊர்ல ஒரு மரியாதை வந்துச்சு. அதுக்கு முன்னால சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சுக்கிட்டு, ஆதார் அட்டைய முன்பக்கம் பின்பக்கம் எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்த ஆளு நான். மாவட்டம் பிரிஞ்சதும் திங்கக்கிழமை தோறும் ஜனம் மனுவும் கையுமா வர ஆரம்பிச்சுது. மனுவை யாராவது டைப் பண்ணணும்லா? பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுக்காரன் தென்னை சாஞ்சு நிக்கது, எதுன்னாலும் அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்துருவேன். நடுவுல ஒரு காரமான வரி வைக்கிறது என் கைராசி. ‘மேற்படி நபர்’னு நான் போட்டாலே அந்த ஆளு பாதிக் குற்றவாளி ஆயிருவான். அதுல எனக்கு ஒரு பெருமை வேற, சவம்.

எங்க தெருவுக்குக் கிழக்க ஒரு குளம் உண்டு. சாரல் விழுந்தா குத்தாலத்துல இருந்து சிற்றாத்துத் தண்ணி வாய்க்கால் வழியா வந்து அதை நிரப்பும். காரும் பிசானமும், ரெண்டு போகமும், கீழ உள்ள வயக்காடு அதை நம்பித்தான். ஆனா நான் சொல்லுத சமயத்துல குளத்துல தண்ணி கிடக்கா இல்லையான்னே கண்ணால பாக்க முடியாது. இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே அமலைச்செடி, ஆகாயத்தாமரைன்னு சொல்லுவாங்கல்லா, அதுதான். ஊதாப்பூ வேற பூத்துக் கிடக்கும். ஒருநாள் யாரு வீட்டுக் கோழியோ ஒண்ணு செடி மேலேயே நடந்து நடுக்குளம் வரைக்கும் போயிட்டு வந்துச்சு. கீழ மீன் செத்து நாறும். வெளியூர்க்காரங்க பாலத்துல வண்டிய நிறுத்தி, ‘என்ன அழகு’ன்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. எனக்கு வயிறு எரியும்.

அந்தக் குளத்துக்குள்ள முதல்ல இறங்குனது சாயப்பட்டறை பாய்தான். ரொம்ப வருசம் சவூதியில இருந்துட்டு வந்த மனுசன். சம்பாதிச்சதைப் பூராவும் போட்டு, அவுக வாப்பா நடத்தி மூடிக் கிடந்த பட்டறையத் திரும்பத் திறந்தாரு. தறிக்காரங்க கொடுக்கிற நூலைச் சாயத்துல நனைச்சுக் காயவச்சுக் கொடுக்கிறது தொழில். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நின்னு ஒத்தையா ஒரு செடியப் பிடுங்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

“என்ன பாய் பண்ணுதிய?”ன்னேன் கரையில இருந்து.

“வேரு எம்புட்டு நீளம்னு பாக்கேன் அண்ணாச்சி.”

அம்புட்டுதான் பதில். கோட்டிக்கார மனுசன்னு நினைச்சேன். ஆனா செடியோட மேல் பாகம் சாண் உசரம், வேரு முழங்கை நீளம், அது பூரா சின்னச் சின்ன நத்தையும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியுமா ஒட்டிக் கிடந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, நானும் செருப்பைக் கழட்டிட்டு இறங்கிட்டேன். அதுல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா குளம்னு ஆகிப்போச்சு.

முதல்ல அஞ்சு பேரு. பிறகு, கரையில நின்னு யோசனை மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தவுக எல்லாம் வெக்கப்பட்டு இறங்குனாவ. மடை திறந்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சுத அண்ணாச்சி ஒருத்தரு உண்டு, அவரு வந்த பிறகு வேலைக்கு ஒரு ஒழுங்கு வந்துச்சு. பெரிய வடக்கயித்தைச் செடிக்கூட்டத்தைச் சுத்திப் போட்டு, கரையில நின்னு தேர் இழுக்கிற மாதிரி எல்லாரும் சேர்ந்து இழுக்கணும். கயித்தைக் கொண்டு போயி வளைச்சுப் போடுறது எப்பவும் பாய்தான், அவருக்கு நீச்சல் நல்லா வரும். பொம்பளைங்க கரையேறுன செடியக் குவிச்சு, உரக்குழிக்கு அள்ளிப் போடுவாங்க. எங்க வீட்டுக்காரி சுக்குக்காப்பி போட்டுக் கொண்டு வருவா. சத்தமும் சிரிப்புமா ஒரே கொண்டாட்டம்.

ஆனா ஒரு விசயம் எங்களை வதைச்சுது. இந்த வாரம் ஒரு மூலையச் சுத்தம் பண்ணுனா, ரெண்டு வாரத்துல அது திரும்ப மூடிரும். ஏயப்பா, என்ன வளர்ச்சி! பாய் ஒருநாள் கரையில உக்காந்துக்கிட்டுக் கேட்டாரு: “அண்ணாச்சி, இது எதைத் தின்னுட்டு இப்படி வளருது?”

இதுக்கு எங்ககிட்ட பதில் தயாரா இருந்துச்சு. குத்தாலம்! சீசனுக்கு வர்ற கூட்டம் தேய்க்கிற எண்ணெய் என்ன, சோப்பு என்ன, கிழிச்சுப் போடுற ஷாம்பு பாக்கெட் என்ன, எல்லாம் எங்க தலையிலதான வந்து விடியுது? உடனே ஒரு மனு. பிறகு லாட்ஜு கழிவுத் தண்ணின்னு ஒரு மனு. எல்லாம் நான் டைப் பண்ணுனதுதான். அதுல பொய் ஒண்ணும் கிடையாது, சாரல் காலத்துல வாய்க்கால்ல எண்ணெய் மிதந்துக்கிட்டு வர்றதை நானே பாத்துருக்கேன்.

சித்திரை வந்துச்சு. குத்தாலத்துல அருவி இருந்த இடத்துல வெறும் பாறை. கடைக்காரங்க எல்லாம் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாவ. ஆனா எங்க வாய்க்கால்ல மட்டும் கணுக்கால் அளவுக்குத் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு, செடியும் நிக்காம வளர்ந்துச்சு.

“அருவியே காஞ்சு கிடக்கு. இந்தத் தண்ணி எங்கன இருந்து வருது?”ன்னு பாய் கேட்டாரு.

“இது ஊத்துத் தண்ணிவே. நம்ம மண்ணுக்கு எப்பவும் ஊத்து உண்டு”ன்னாரு மடைக்கார அண்ணாச்சி.

“ஊத்துன்னா கோடையில குறையணும்லா?”

எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. “எல்லாத்துக்கும் ஒரு கேள்வியா பாய்? செடியப் பிடுங்குங்க”ன்னுட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே கயித்தை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு.

அந்த மாசக் கடைசியிலதான் எங்க தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. செவ்வாக்கிழமை ராத்திரி சாமக்கொடை, புதன்கிழமை மஞ்சள் நீராட்டு. எங்க பக்கம் அதுக்கு ஒரு கணக்கே கிடையாது. அண்டாவுல மஞ்சளைக் கரைச்சு வச்சுக்கிட்டு, முறைக்காரங்க யாரு கண்ணுல பட்டாலும் தலையோட ஊத்துறதுதான். மதினிமார் ஒரு பக்கம், கொழுந்தன்மார் ஒரு பக்கம். எனக்கு அம்பத்தஞ்சு வயசு ஆகுது, என்னையும் துரத்தித் துரத்தி ஊத்துனாளுவ. மத்தியானம் தெருவே மஞ்சளா ஆகி, அவங்கவங்க வீட்டுக்குப் போயி, தேய்ச்சுக் குளிச்சு, துணிய ஊறவச்சு, கறிச்சோறு தின்னுட்டு மல்லாந்தோம்.

மூணு மணி இருக்கும். மடைக்கார அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடி வந்தாரு. “ஏ, வாய்க்கால்ல ரத்தமால்லா வருது!”

போயிப் பாத்தோம். ரத்தம் இல்ல, ஆனா செவப்புதான். வாய்க்கால் குளத்துல விழுற இடத்துல, நுரையோட சேர்ந்து செவப்பா பரவிக்கிட்டு இருந்துச்சு. நாங்க ஆளாளுக்குப் போனை எடுத்து வீடியோ பிடிச்சோம். எங்க இருந்து வந்துருக்கும்? குத்தாலத்து மேல போட முடியாது, அங்கன சொட்டுத் தண்ணி கிடையாது. கலர் கலரா தண்ணி விடுறது ஊருக்குள்ள வேற யாரு? யாரோ ஒருத்தரு “சாயப்பட்டறை”ன்னாரு. யாருன்னு இப்ப ஞாபகம் இல்ல. நானாவும் இருக்கலாம்.

எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. வாராவாரம் எங்ககூடத் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, ‘எதைத் தின்னுட்டு வளருது’ன்னு ஒண்ணுந்தெரியாத மாதிரிக் கேட்டுக்கிட்டு, பின்பக்கமாச் சாயத்தைத் திறந்து விடுதாரா? நம்பிக்கைத் துரோகம்லா இது? அன்னைக்குச் சாயந்திரமே கடையத் திறந்து மனுவை அடிச்சேன். பட்டறைய மூடி சீல் வைக்கணும், கரண்டு கட் பண்ணணும். அப்படி நடந்தா அந்த மனுசனுக்குத் திரும்ப சவூதிக்குப் போறதைத் தவிர வேற வழி இல்ல, அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்.

வெள்ளிக்கிழமைக்குள்ள அறுபது பேரு கையெழுத்துப் போட்டுட்டாவ. திங்கக்கிழமை கொடுக்கணும்னு முடிவு. அவருகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. குளத்து வேலைக்குன்னு வாட்ஸப்புல ஒரு குரூப்பு இருந்துச்சு, அதுல அவரும் இருந்தாரு. அந்த வீடியோவை அதுல போடாம, அவரு இல்லாம புதுசா ஒரு குரூப்பு ஆரம்பிச்சோம். அதை ஆரம்பிச்சதும் நான்தான்.

ஞாயித்துக்கிழமை எப்பவும் போல அவரு முதல் ஆளா வந்து தண்ணிக்குள்ள இறங்கிட்டாரு. கயித்தை வளைச்சுப் போட்டுட்டு ஒரு முனையக் கரைக்கு வீசுனாரு. “பிடிங்க.”

யாரும் பிடிக்கல. கயிறு சகதியில விழுந்து கிடந்துச்சு.

“என்ன அண்ணாச்சி, எல்லாரும் மௌன விரதமா?”ன்னு சிரிச்சாரு. மடைக்கார அண்ணாச்சிக்குத்தான் மனசு பொறுக்கல, விசயத்தைப் போட்டு உடைச்சுட்டாரு. செவப்புத் தண்ணி, மனு, சீல் எல்லாத்தையும்.

பாய் கத்துவாருன்னு நினைச்சேன். நானும் பதிலுக்குக் கத்துறதுக்குத் தயாரா நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். அவரு இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, “என்ன செவப்பு?”ன்னு கேட்டாரு.

“செவப்புன்னா செவப்புதான்.”

“இல்ல அண்ணாச்சி. குங்குமச் செவப்பா, செங்கல் செவப்பா?”

நான் போன்ல வீடியோவைக் காட்டுனேன். ஈரக்கையத் துடைச்சுட்டு வாங்கி ரெண்டு மட்டம் பாத்தாரு. “இந்தச் செவப்பு எங்ககிட்ட கிடையாது”ன்னாரு. பிறகு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனாரு. விரல், நகக்கண்ணு, மணிக்கட்டு வரைக்கும் பச்சை. “போன மாசத்துல இருந்து பச்சை ஆர்டர்தான் ஓடுது. பட்டறைத் தண்ணி வெளிய போறதே இல்ல, சிமெண்டுத் தொட்டியில நின்னு வெயில்ல காயுது. யாராவது வந்து பாருங்க.”

யாரும் அசையல. அவரு கயித்தைச் சுருட்டிக் கரையில வச்சுட்டு, கைலியப் பிழிஞ்சுட்டு நடந்துட்டாரு.

வீட்டுக்கு வந்தா எனக்கு இருப்புக் கொள்ளல. அந்தப் பச்சைக் கை கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. பச்சை நனைக்கிறவரு எப்படிச் செவப்பை விடுவாரு? ஒருவேளை பழைய சாயம் மிச்சம் கிடந்து கழுவி விட்டுருப்பாரோ? அப்படீன்னா கையில செவப்புக் கறை கொஞ்சமாவது இருக்கணும்லா? பொய் சொல்லுத ஆளு ‘என்ன செவப்பு’ன்னா கேப்பான்? சோத்தை அளைஞ்சுட்டு அப்படியே எந்திரிச்சுட்டேன்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுல வீட்டுக்காரி என் வேட்டியப் போட்டுக் குமுக்கிக்கிட்டு இருந்தா. கொடைக்குக் கட்டுன வேட்டி, ஒரு தடவை துவைச்சும் மஞ்சக்கறை போகலைன்னு திரும்ப சோப்புப் போட்டா. பாத்துக்கிட்டே நிக்கேன், சோப்புப் பட்ட இடமெல்லாம் வேட்டி செவக்குது. வாளித்தண்ணி செவக்குது. வீடியோவுல உள்ள அதே செவப்பு.

“ஏட்டி, என்னட்டி இது!”ன்னு கத்திட்டேன்.

அவ பதறிப்போயிட்டா. “என்னது என்ன? மஞ்சள்ல சோப்புப் பட்டா செவக்கத்தான் செய்யும். உங்களுக்கு எத்தனை மட்டம் ஆரத்தி எடுத்துருக்கேன், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா என்ன கலர் வரும்னு கூடவா தெரியாது?”

தெரியும். அறுபது பேருக்கும் தெரியும். பிள்ளை பிறந்தா, மாப்பிள்ளை வந்தா, எலெக்‌ஷன்ல நிக்கிற ஆளு வந்தாக்கூட நாங்க கரைக்கிற தண்ணி. அதையே வாய்க்கால்ல பாத்துட்டு, இன்னொருத்தன் சாயம்னு சொல்லி மனு எழுதிட்டோம்.

“சரி, இந்தத் தண்ணி எங்க போகுது? நம்ம உறிஞ்சுகுழிக்குத்தான?”

அவ சிரிச்சா. “அது நிறைஞ்சு எம்புட்டு நாளாச்சு! போன தை மாசமே கொத்தனாரைக் கூப்பிட்டு பைப்பு வச்சு வெளிய விட்டாச்சே. நீங்கதான் திங்கக்கிழமை மனு அடிக்கப் போயிட்டியளே.”

“எங்க வெளிய?”

“எல்லாரும் எங்கன விடுதாவளோ அங்கனதான்.”

மடைக்கார அண்ணாச்சியக் கூட்டிக்கிட்டு, எங்க வீடுகளுக்குப் பின்னால வாய்க்கால் ஓரத்துக்குப் போனேன். பிறந்ததுல இருந்து இந்தத் தெருவுலதான் இருக்கேன், அந்தப் பக்கம் நான் நடந்ததே இல்ல. யாரும் நடக்க மாட்டோம், குப்பை கொட்டுத இடம்லா. ஆமணக்கும் ஊமத்தையும் மண்டிக் கிடந்துச்சு. வீட்டுக்காரிகிட்ட ஒரு பாக்கெட் மஞ்சத்தூளையும் வாளி நிறையச் சோப்புத் தண்ணியையும் கொடுத்து, நான் குரல் கொடுத்ததும் குளிக்கிற ரூம்ல ஊத்தச் சொல்லிருந்தேன். குரல் கொடுத்துட்டு நிக்கேன். உண்மையச் சொல்லுதேன், அது வந்துரக்கூடாதேன்னு ஒரு பக்கம் அடிச்சுக்கிடுது, வருதா பாப்போம்னு இன்னொரு பக்கம் ஆசையாவும் இருக்கு.

ஆமணக்குச் செடிக்குள்ள களகளன்னு சத்தம். நுரை வந்துச்சு. பிறகு செவப்பு.

செடிய விலக்குனோம். எங்க பைப்பு. அதுக்கு அடுத்து ஒண்ணு, அதுக்கு அடுத்து ஒண்ணு. தெரு முடியுற வரைக்கும் வரிசையா பைப்பு, மடைக்கார அண்ணாச்சி வீட்டுப் பைப்பும் உண்டு. அவரு தலையில கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. “இதான்வே நம்ம ஊத்து”ன்னாரு.

பிறகு நடந்ததைச் சுருக்கமா சொல்லிருதேன். தெருக்காரங்க லேசுல ஒத்துக்கிடல, என்னைக் கிறுக்கன்னாவ, மஞ்சத்தூளோட வீடு வீடா ஏறி இறங்குனேன். சண்டை போட்டுக்கிட்டேதான் ஒவ்வொரு வீடாப் புதுக்குழி வெட்டுச்சு, எங்க வீட்டுல முதல்ல. இன்னும் நாலஞ்சு பைப்பு மிச்சம் இருக்கு. குத்தாலத்து எண்ணெய் சாரலுக்குச் சாரல் வரத்தான் செய்யுது. இருந்தாலும், இப்ப பிடுங்குன இடம் மாசக்கணக்கா மூடாம கிடக்கு. அந்தத் தெளிஞ்ச தண்ணியில போன பிசானத்துல, நெத்தியில வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி வந்து இறங்குச்சு. பாய் ரெண்டு மாசம் குளத்துப் பக்கமே வரல. சாரல் ஆரம்பிச்ச பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாரு, இப்பவும் வர்றாரு. ஆனா என்கிட்ட எந்தக் கேள்வியும் கேக்கிறது இல்ல. அது எனக்குப் பெரிய வலி.

பைப்பைப் பாத்த அன்னைக்குச் சாயந்திரமே மனுவை எடுத்துக்கிட்டு அவரு பட்டறைக்குப் போனேன். என் வீட்டுல இருந்து நாலு நிமிச நடை. மூங்கில் கழி பூரா பச்சை நூலு தொங்குச்சு. சொன்ன மாதிரியே சிமெண்டுத் தொட்டி, அடியில பச்சை ஏடு காஞ்சு வெடிச்சுக் கிடந்துச்சு. அவரு சிக்கெடுத்துக்கிட்டு இருந்தாரு. நான் நின்னபடியே மஞ்சள், சோப்பு, பைப்பு எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தேன். ‘மன்னிச்சுக்கிடுங்க பாய்’னு கையெடுத்துக் கும்பிட்டேன். நாளைக்கு இதைக் கொடுக்க மாட்டோம், உங்க கையாலேயே கிழிச்சுப் போடுங்கன்னு மனுவை நீட்டுனேன்.

அவரு வாங்கல. “கண்ணாடி வீட்டுல இருக்கு அண்ணாச்சி. வாசிங்க.”

“என்னத்துக்கு பாய் அது, இனிமே...”

“என்னைப் பத்திதான எழுதிருக்கிய? வாசிங்க.”

வாசிச்சேன். ‘ஐயா, எங்கள் ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்வதுபோல் நடித்துக்கொண்டே மேற்படி நபர்...’

“அது நானா?”

“ஆமா பாய்.”

“சரி, வாசிங்க.”

‘...பொதுமக்களின் கண்ணில் மண்ணைத் தூவி, நச்சுச் சாயத்தைத் திறந்துவிட்டு வருகிறார்.’ அந்த வரியை அடிச்ச அன்னைக்கு ரெண்டு மட்டம் வாய்விட்டுப் படிச்சு ரசிச்சேன். இப்ப எழுத்தெழுத்தாக் கூட்டி வாசிக்க வேண்டியதாப் போச்சு. அவரு நூலுல இருந்து கைய எடுக்கல, நிமிர்ந்தும் பாக்கல. கடைசி வரி வரைக்கும் வாசிச்சு முடிச்சுப் பேப்பரை மடிச்சேன்.

“கையெழுத்து?”

“அறுபது பேரு பாய்.”

“ஒரு ஆளாவது இங்கன வந்து எட்டிப் பாத்துட்டுப் போட்டாவளா?”

மடிச்ச பேப்பரை நான் இன்னொரு மடிப்பு மடிச்சேன்.

“சரி. அதையும் வாசிங்க அண்ணாச்சி. யாரு யாருன்னு நான் தெரிஞ்சுக்கிடணும்லா.”

பேப்பரைத் திரும்ப விரிச்சேன். முதல் பேரு என்னோடது. வாசிச்சேன்.